ஸ்டூடியோ மேசையிலிருந்து கான்வாஸுக்கு: எந்த வழியில் போவது?

அனிமேஷனில் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓட்டிய கார்ட்டூனிஸ்டுகள் இரண்டு பேர் டீக்கடையில் நின்றால் பேச்சு கடைசியில் இங்கேதான் வரும்: "இதை விட்டுட்டுப் பெயிண்டிங் பக்கம் போயிடலாமா?" கேட்பவர் ஆமாம், இல்லை என்று ஒரு பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார். ஏற்கெனவே போனவர்களின் வாழ்க்கையைப் பார்த்தால் வழிகள் பல இருந்திருக்கின்றன. ஒரே அடியாக விட்டவர் உண்டு, ஓய்வுபெறும்வரை வேலையை விடாதவர் உண்டு, நடுவில் வேறொரு சிறு தொழிலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கரையேறியவரும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் கொடுக்க வேண்டிய விலை வேறு.

உதாரணங்களை அதிகமும் அமெரிக்காவிலிருந்து எடுக்கிறேன். அங்கேதான் ஸ்டூடியோ முறை பெரிய அளவில் நீண்ட காலமாக இருக்கிறது. உள்ளே போய் வெளியே வந்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. நம் ஊர்க் கணக்குக்குப் பின்னால் வருகிறேன்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு விஷயம். ஐவின்ட் ஏர்ல், டைரஸ் வாங், தாமஸ் கின்கேட், ஜேம்ஸ் கர்னி, காஸ் என்ற பெயரில் உலகம் அறியும் பிரையன் டான்னலி: அனிமேஷன் ஸ்டூடியோவில் இருந்துவிட்டு ஓவியராகப் பெயர் எடுத்த இவர்கள் காலத்தாலும் பாணியாலும் ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாதவர்கள். ஆனால் அனிமேஷனில் ஐந்து பேருடைய பெயரும் நின்றது பின்னணிப் படங்களால்தான். பாத்திரத்தை நடக்கவைத்து, ஓடவைத்துப் பெயர் வாங்கியவர் இந்த ஐவரில் இல்லை. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

அனிமேட்டரின் கையில் இருப்பது ஓட்டம். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம் என்று வைத்தாலும் 12 படங்கள். அந்தப் பன்னிரண்டில் ஒன்றை மட்டும் உருவி எடுத்துச் சுவரில் மாட்டினால் பாதி வாக்கியம் போலத் தொங்கும். அதன் உயிர் முந்தைய படத்திலும் அடுத்த படத்திலும் இருக்கிறது. எடை, டைமிங், உருவத்தின் வெளிக்கோடு இவற்றில் அனிமேட்டரின் கண் கூர்மையாகப் பழகியிருக்கும். வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, தூரத்துப் பச்சை எவ்வளவு சாம்பலாகும், எந்த விளிம்பைக் கூராக விட்டு எதைக் கரைக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்த வேலை அவரிடம் கேட்பதே இல்லை. பின்னணி வரையும் பேக்ரவுண்ட் ஆர்ட்டிஸ்டிடம் தினமும் கேட்கிறது. அவர் ஒவ்வொரு முறையும் ஒரு முழுப் படத்தை முடித்துக் கொடுக்கிறார்.

அவருக்கும் ஒரு ஊனம் உண்டு. பாத்திரம் வந்து நிற்பதற்காக நடுவில் இடத்தைக் காலியாக விட்டு விட்டே கை பழகியிருக்கும். அப்படிப்பட்டவர்கள் முதல் ஒன்றிரண்டு வருஷம் வரையும் கான்வாஸ்கள் நடிகர் வராத மேடை மாதிரி இருக்கும். அழகாக இருக்கும், ஆனால் யாருக்காகவோ காத்துக்கொண்டிருக்கும். இந்தப் பழக்கம் போவதற்கு நாளாகும்.

ஆகவே நீங்கள் எந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே மற்ற கணக்கெல்லாம் மாறும். சரி, வழிகளுக்கு வருவோம்.

ஒரே அடியாக விடுவது

இதற்கு எல்லாரும் சொல்லும் பெயர் லயனல் ஃபைனிங்கர். அனிமேஷன்காரர் இல்லை, பத்திரிகைக் கார்ட்டூனிஸ்ட். 1871-இல் நியூயார்க்கில் பிறந்து ஜெர்மனிக்குப் போய், பெர்லின் பத்திரிகைகளில் கேலிச்சித்திரக்காரராக நல்ல பெயர் எடுத்தவர். 1906-இல் சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகைக்கு இரண்டு காமிக் தொடர்கள் வரைந்தார். அந்த ஒப்பந்தம் நீடிக்கவில்லை. அடுத்த வருஷம், 36 வயதில், எண்ணெய் வண்ணத்தைக் கையில் எடுத்தார். 1919-இல் ஜெர்மனியில் பாவ்ஹவுஸ் என்னும் கலை, வடிவமைப்புப் பள்ளி தொடங்கியபோது அதன் நிறுவனர் வால்டர் க்ரோப்பியஸ் முதலில் சேர்த்த ஆசிரியர்களில் ஒருவர் இவர்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் நடுவில் உள்ள வருஷங்களைத் தாண்டிவிடுகிறார்கள். 1907-இல் ஆரம்பித்தவருக்கு பெர்லினில் பெரிய தனிக் காட்சி அமைந்தது 1917-இல். பத்து வருஷம். அதுவும் ஏற்கெனவே பெயர் பெற்ற, கை தேர்ந்த ஒருவருக்கு. ஒரே அடியாக விடுகிறேன் என்று முடிவெடுப்பவர் ஆறு மாதச் சம்பளத்தைச் சேமித்துவைத்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆறு மாதத்தில் ஆயில் படத்துக்கு வார்னிஷ் பூசத்தான் நேரம் வரும்.

ரால்ஃப் பாக்ஷியும் இப்படி விட்டவர்தான், ஆனால் அவர் கணக்கு வேறு. 18 வயதில் டெர்ரிடூன்ஸ் ஸ்டூடியோவில் அடிமட்ட வேலையில் சேர்ந்து, 1972-க்குள் பெரியவர்களுக்கான அனிமேஷன் படம் எடுத்து அமெரிக்காவையே திரும்பிப் பார்க்கவைத்தார். 80-களில் ஒதுங்கிப் படம் வரையப் போனார். 1987-இல் தொலைக்காட்சித் தொடருக்குத் திரும்பி வந்தார். 1992-இல் ஒரு பெரிய படம் எடுத்தார். அப்புறம் நியூ மெக்சிகோ பக்கம் போய் வண்ணத்தில் இறங்கினார். அவரால் போய்ப் போய் வர முடிந்தது, ஏனென்றால் எப்போது வந்தாலும் அவர் பெயருக்கு ஒரு நாற்காலி இருந்தது. டைட்டில் கார்டில் நாற்பது பேரில் ஒருவராகப் பெயர் வரும் நமக்கு அந்த வசதி இல்லை. மூன்று வருஷம் விலகியிருந்தால் மென்பொருளே மாறிவிட்டிருக்கும்.

வேலையை விடாமல் இருப்பது

டைரஸ் வாங்கின் வாழ்க்கையை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். 1910-இல் சீனாவின் குவாங்டாங்கில் பிறந்தவர், சிறுவனாக அமெரிக்கா வந்தார், லாஸ் ஏஞ்சலஸில் ஓடிஸ் கலைப் பள்ளியில் படித்தார். 1932-இல், 22 வயதுகூட ஆகாத நிலையில், சிகாகோ கலைக் கழகத்தின் காட்சி ஒன்றில் பிக்காஸோ, மட்டீஸ் படங்களோடு இவர் படமும் இருந்தது. ஆறு வருஷம் கழித்து டிஸ்னியில் இன்பிட்வீனராகச் சேர்ந்தார். பொருளாதார மந்தக் காலம். குடும்பத்துக்கு மாதம் தவறாமல் பணம் வேண்டியிருந்தது. ஓர் அசைவின் முக்கிய நிலைகளைக் காட்டும் இரண்டு கீ படங்களுக்கு நடுவில் வரும் படங்களை நாள் முழுக்க வரையும் வேலை அவருக்குப் பிடிக்கவில்லை.

அங்கே பாம்பி படத்துக்குக் காடு வரைந்துகொண்டிருந்தார்கள். இலை இலையாக, கிளை கிளையாக. மான்குட்டி அதில் காணாமல் போனது. வாங், சீனாவின் பழைய சாங் அரச வம்சத்துக் கால நிலக்காட்சி ஓவியங்களில் ஊறியவர்; நாலைந்து தீற்றலில் பனி மூடிய காட்டை வரைந்து காட்டினார். 1942-இல் வந்த படத்தின் தோற்றமே அதுதான். ஆனால் படம் வெளிவருவதற்குள், 1941 வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்து, அவரை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். பிறகு வார்னர் பிரதர்ஸில் 1968 வரை, 26 வருஷம், படப்பிடிப்புக்கு முந்தைய காட்சிச் சித்திரங்கள் வரைந்தார். கூடவே வாழ்த்து அட்டைகளும்.

வீடு, பிள்ளைகள், ஓய்வூதியம், 106 வயது வரை நிம்மதியான வாழ்க்கை. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஓவியர் என்ற முறையில் அவரை ஊர் திரும்பிப் பார்த்தது முதுமையில்தான். டிஸ்னி குடும்ப அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய காட்சி வைத்த 2013-இல் அவருக்கு 102 வயது. 21 வயதில் பிக்காஸோவோடு தொங்கிய படங்களின் தொடர்ச்சி நடுவில் எங்கே போனது? என் பதில்: அந்தக் கை பகல் முழுக்க இன்னொருவரின் படத்துக்காக வரைந்துகொண்டிருந்தது. கணக்கெழுதிவிட்டு வந்து இரவில் வரைபவருக்குக் கையாவது பசியோடு இருக்கும். வரைவதே வேலையாக இருப்பவருக்கு மாலை ஆறு மணிக்குக் கையும் கண்ணும் ஒன்றாகத் தீர்ந்துபோகின்றன. மிச்சமிருக்கும் தெம்பில் டிவிதான் பார்க்க முடியும்.

வேலையில் இருந்துகொண்டே வரைவது முடியாது என்று சொல்லவில்லை. காலையில் வரைய வேண்டும், ஸ்டூடியோ உங்கள் கையைத் தொடுவதற்கு முன்னால். இரவு ஷிஃப்ட், டெலிவரி வாரம் என்று இருக்கும் ஸ்டூடியோக்களில் அது மூன்று வாரம்கூடத் தாங்காது என்பதும் உண்மை.

நடுவில் ஒரு சிறு தொழில்

எனக்குப் பிடித்த வழி இதுதான் என்பதை மறைக்கவில்லை. இதற்கு ஐவின்ட் ஏர்லைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

1916-இல் நியூயார்க்கில் பிறந்தவர். 14 வயதில் பிரான்சில் தனிக் காட்சி வைத்துவிட்டார். 21 வயதில் ஹாலிவுட்டிலிருந்து நியூயார்க் வரை சைக்கிள் மிதித்துக்கொண்டே போய், வழியில் 42 நீர்வண்ணப் படங்கள் வரைந்தார். டிஸ்னியில் சேர்ந்தது 1951-இல். ஸ்லீப்பிங் பியூட்டி படத்தின் பின்னணித் தோற்றம் முழுக்க அவர் பொறுப்புக்கு வந்தது. வழக்கமாக ஒரு பின்னணிப் படத்துக்கு ஒரு நாள் என்றால் ஏர்லுடைய படங்களுக்கு ஏழிலிருந்து பத்து நாள் ஆனது. அனிமேட்டர்கள் முணுமுணுத்தார்கள்: பின்னணியே இவ்வளவு பேசினால் நம் பாத்திரத்தை யார் பார்ப்பார்கள்? அவர்கள் சொன்னது நியாயம். மேசை மாறப்போகிற ஒருவரின் அடையாளமும் அதுதான், அவர் படம் யாருக்கும் வழிவிட மறுக்கிறது. உங்கள் பின்னணிகளுக்கு இதே குறை திரும்பத் திரும்ப வருகிறதென்றால் அதை ரீடேக் குறிப்பாக, அதாவது திருத்தி வரையச் சொல்லும் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படம் 1959-இல் வெளிவருவதற்கு முந்தைய வருஷமே ஏர்ல் டிஸ்னியை விட்டுவிட்டார். நேராக ஓவியம் வரையும் ஈசல் சட்டத்துக்குப் போனாரா? இல்லை. விளம்பரப் படங்கள், தொலைக்காட்சி வேலை, சொந்தமாகச் சின்ன நிறுவனம் என்று சில வருஷங்கள் ஓடின. முழுநேரமாகப் படம் வரையத் திரும்பியது 1966-இல். அந்த எட்டு வருஷத்தையும், அதற்கு முன்னால் டிஸ்னிக்கே போகாத காலத்தையும் தாங்கியதில் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 800-க்கும் மேற்பட்ட அட்டைகள் வடிவமைத்தார். 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாகச் சொல்கிறார்கள். பனி படர்ந்த மரம், தனிக் கொட்டகை, நீண்ட நிழல்: பிற்பாடு அவர் கான்வாஸ்களில் நாம் பார்ப்பதெல்லாம் அந்த அட்டைகளிலேயே இருக்கிறது.

வாங்கும் அட்டை வரைந்தார், ஏர்லும் அட்டை வரைந்தார். ஏர்லுக்கு அதுவே அடித்தளம். உள்ளங்கை அகல அட்டையில் தன் மரத்தைத் தன் கோணத்தில் தன் பெயரில் வரைந்து விற்றார். ஸ்டூடியோ சம்பளத்துக்கு வரையும்போது கை வேறு யாருடைய ரசனைக்கோ பழகுகிறது. சொந்த அட்டையில் பணம் குறைவாக வந்தாலும் கை தன் பக்கமே வளர்கிறது.

1974-இலிருந்து அவர் செரிகிராஃப் என்னும் திரை அச்சுப் படங்களில் இறங்கினார். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு திரை, ஒன்றன் மேல் ஒன்றாகத் தட்டையான நிறம். லேயர் போட்டே பழகிய அனிமேஷன்காரருக்கு இது அந்நியமே இல்லை. அசல் கான்வாஸை வாங்க முடியாதவர்கள் கையெழுத்திட்ட, எண்ணிட்ட அச்சுப் பிரதியை வாங்குவார்கள். ஒரு படத்திலிருந்து பல வருஷம் வருமானம் வரும். நம் ஊரில் அச்சுக்கு ஏற்ற நல்ல காகிதத்தின் விலை கொஞ்சம் கடிக்கும். மற்றபடி இது இன்றைக்கும் செல்லுபடியாகும் கணக்கு.

அதே அச்சு, வேறு முடிவு

1983-இல் வெளிவந்த பாக்ஷியின் ஃபயர் அண்ட் ஐஸ் படத்துக்குப் பின்னணி வரைந்தவர்களில் இரண்டு நண்பர்கள் இருந்தார்கள்: தாமஸ் கின்கேட், ஜேம்ஸ் கர்னி. ஒரே வயது, ஒரே அறை, ஒரே மாதிரியான வேலை. கர்னி சித்திரக் கதைநூல்களுக்கும் வெளியில் உட்கார்ந்து நேரடியாக வரையும் நிலக்காட்சிகளுக்கும் போனார். கின்கேட் ஜன்னலெல்லாம் மஞ்சள் வெளிச்சம் வழியும் குடிசைகளை வரைந்து, கான்வாஸ் அச்சாக லட்சக்கணக்கில் விற்றார். தனி நிறுவனம், ஊருக்கு ஊர் உரிமம் பெற்ற கடைகள், அச்சின் மேல் கையால் வெளிச்சப் புள்ளி வைக்கப் பழகிய பணியாளர்கள்.

பணம் கொட்டியது. பிறகு கடை எடுத்தவர்களோடு வழக்குகள். 2010-இல் உற்பத்தி நிறுவனம் திவால் மனு கொடுத்தது. 2012-இல் 54 வயதில் இறந்தார். அவர் படங்களை விரும்பியவர்களைக் கிண்டல் செய்வது சுலபம், அது எனக்கு வேண்டாம். நான் கவனிப்பது வேறு: ஒரே குடிசையை நூறாவது முறை வரைய வேண்டிய நிலைமை. அது ஸ்டூடியோவில் பாத்திரம் எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுக்கும் மாடல் ஷீட்டைப் பார்த்து வரைவதற்கு எந்த விதத்தில் மேல்? மாடல் ஷீட்டுக்காவது அடுத்த ஷோவில் விடுதலை உண்டு. அச்சு விற்க ஆரம்பிப்பவர்கள், எந்தப் படம் ஓடுகிறதோ அதையே திரும்ப வரையச் சொல்லும் குரலுக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்று முதலிலேயே ஒரு கோடு கிழித்துக்கொள்ள வேண்டும்.

கார்ட்டூனையும் கூட்டிக்கொண்டு போவது

பெயிண்டிங் என்றதும் பலர் கார்ட்டூனை வாசலில் செருப்போடு விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறார்கள். இரண்டு வருஷம் நிலக்காட்சி, நிர்வாண மாடல், அப்புறம் நாலு அரூபப் படம். எதுவும் யாருடையதாகவும் இருக்காது. ஃபைனிங்கரேகூட அப்படி விடவில்லை. 1907-இல் அவர் வரைந்த 'வெள்ளை மனிதன்' தன்னுடைய கேலிச்சித்திரம் ஒன்றிலிருந்து வளர்த்ததுதான். நீளக் கால்களும் கூம்புத் தொப்பிகளும் கொண்ட அந்த ஆட்கள் பல வருஷம் அவர் கான்வாஸ்களில் நடமாடினார்கள்.

காஸ் 1996-இல் நியூயார்க்கில் ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸில் படித்து முடித்து, தொலைக்காட்சி அனிமேஷனில் பின்னணி வரைந்தார். அதே காலத்தில் தெருவில், பஸ் நிறுத்த விளம்பரங்களில் தன் உருவங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். 2019-இல் ஹாங்காங் ஏலத்தில் அவருடைய ஒரு கான்வாஸ் 11.59 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது. அதில் இருப்பது தொலைக்காட்சிக் கார்ட்டூன் குடும்பம் ஒன்றின் உருமாறிய கூட்டம். இந்தச் செய்தியைப் படித்துவிட்டு வேலையை விட நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: அந்தப் பணம் படத்தை வைத்திருந்த சேகரிப்பாளருக்குப் போனது, வரைந்தவருக்கு இல்லை. ஏல விலையை ஓவியரின் வருமானமாகப் படிக்கக் கூடாது.

இந்த வழியில் சட்டச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 17-ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, ஊழியராக இருந்து வேலைக்காக வரைந்த படத்தின் முதல் உரிமை நிறுவனத்துக்குத்தான். நீங்களே பெற்று வளர்த்த பாத்திரமாக இருந்தாலும் கான்வாஸில் வரைந்து விற்க முடியாது. சில பணி ஒப்பந்தங்களில் வேலைநேரத்துக்கு வெளியே வரைவதையும் இழுத்துப் போடும் வரிகள் இருக்கும். ராஜினாமாவுக்கு முன்னால், ஏன், முதல் படத்தை விற்பதற்கு முன்னாலேயே, அதை எடுத்துப் படித்துவிடுங்கள்.

நம் ஊர்க் கணக்கு

சென்னையில் இந்த 'நடுத் தொழில்' யோசனை புதிதே இல்லை. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது அதற்கான பணம் பெருமளவு மெழுகு பூசிச் சாயமிடும் பாத்திக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் விற்றுத்தான் வந்தது. காலையில் பாத்திக், மற்ற நேரம் படம். ஏர்லின் கிறிஸ்துமஸ் அட்டைக்கு நம் பதில் என்று சொல்லலாம். கலிபோர்னியாவில் ஒருவர் தனியாகச் செய்ததை இங்கே ஒரு கூட்டமாகச் செய்தார்கள்.

பத்திரிகைச் சித்திரத்துக்கும் ஓவியத்துக்கும் நடுவில் தமிழில் பெரிய சுவரும் இருந்ததில்லை. ஆதிமூலம் சிற்றிதழ்களுக்குக் கோட்டோவியம் வரைந்துகொண்டே காந்தி வரிசையை வரைந்தார், பிறகு பெரிய வண்ண அரூபங்களுக்குப் போனார். டிராட்ஸ்கி மருது ஓவியம், பத்திரிகை, அனிமேஷன் மூன்றிலும் ஒரே நேரத்தில் கால் வைத்திருப்பவர். 'ஃபைன் ஆர்ட்' வாசலில் கார்ட்டூன்காரரை நிறுத்திவைக்கும் பார்வை இங்கே கொஞ்சம் குறைவு என்றே நினைக்கிறேன். ஆனால் வாங்குபவர்களும் குறைவு. கேலரி விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை எடுத்துக்கொள்ளும். ஃபிரேம் செலவு பெரும்பாலும் உங்களுடையது. இடம் இல்லாதவர்கள் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியின் வட்டார மையத்தில் உள்ள பொது ஸ்டூடியோவைக் கேட்டுப் பார்க்கலாம். தனியாக வாடகை எடுப்பதைவிட அது எவ்வளவோ மேல். பக்கத்தில் வேறு ஆட்கள் வரைந்துகொண்டிருப்பார்கள் என்பதே பெரிய லாபம்.

வண்ணம் எது என்பதில் நான் அதிகம் வாதாட மாட்டேன். டேப்லெட்டிலிருந்து வருபவர் ஆயிலில் குதிக்க வேண்டாம். அது காய்வதற்குள் பொறுமை போய்விடும், சென்னை ஈரத்தில் பூஞ்சை வேறு. அக்ரிலிக் நம் வெயிலில் தட்டிலேயே காய்ந்து தொலைக்கும் என்றாலும், அடுக்கடுக்காகப் போடும் கைக்கு ஒத்துவரும். ஒளி ஊடுருவாத நீர்வண்ணமான கவாஷ் இன்னும் நெருக்கம், மலிவு.

அப்படியானால் யாருக்கு எது? கைநிறையப் பெயரும் ஐந்து வருஷத்துக்கான பணமும் இருப்பவர் இன்றைக்கே விடலாம். அவருக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. வீட்டுக் கடன், சின்னப் பிள்ளைகள் என்று இருப்பவர் வாங் வழியைத் தோல்வியாக நினைக்க வேண்டியதில்லை. ஆனால் காலை இரண்டு மணி நேரத்தை அவருக்கே விட்டுவைக்கும் ஸ்டூடியோவாகப் பார்த்து மாற வேண்டும், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும். பேக்ரவுண்டிலோ, படத்தின் தோற்றத்தை முன்கூட்டியே வரைந்து தீர்மானிக்கும் விஷுவல் டெவலப்மென்டிலோ இருப்பவர், முழுநேர வேலையிலிருந்து ப்ராஜெக்ட் ஒப்பந்தத்துக்கு மாறி, மிச்ச நாள்களில் தன் பெயரில் அச்சோ அட்டையோ விற்க ஆரம்பிப்பதுதான் என் சிபாரிசு. அது வாடகையில் பாதியைத் தாங்கத் தொடங்கும்வரை ஒப்பந்த வேலையை விட வேண்டாம்.

அனிமேட்டர் மேசையில் இருப்பவருக்கு மட்டும் வேறு பதில். ஏர்லும் வாங்கும் காஸும் ஸ்டூடியோவை விட்டபோது ஸ்டூடியோவுக்கு வெளியே வரைந்த படங்களின் கட்டு ஒன்று அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்தது. உங்கள் கட்டில் இருப்பது பாத்திரம் நடப்பதைக் காட்டும் நடை சுழற்சிப் படங்களும் முகபாவனைத் தாளும் மட்டும்தான் என்றால், ராஜினாமா பேச்சு இப்போது வேண்டாம். அடுத்த ஷோவுக்கு ஆள் பிரிக்கும்போது பேக்ரவுண்ட் டீமில் போடச் சொல்லிக் கேளுங்கள். ஜூனியர் கிரேடில்தான் இடம் என்றாலும் ஒத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதம் சின்னப் பையன்கள் உங்கள் படத்தைத் திருத்துவார்கள்.